215ஆம் பக்கத்து ஓரம்

மார்ச் 4

அக்காவுக்கு,

ஆறு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி. போனில் பேசலாம் என்றால் உனக்குக் காது கேட்காது. எனக்கோ, உன்னிடம் கடைசியாகக் கத்திய நாள் ஞாபகம் வந்துவிடும்.

என் மனைவி போன அன்று, வந்திருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி நீ சொன்னாய்: "இந்தப் புஸ்தகங்கதான்டா அவளைத் தின்னுச்சு." நான் அதை மறக்கவில்லை. ஆனால் அதற்காக இன்னொரு சுற்று சண்டை போட இப்போது உடம்பில் தெம்பில்லை. முழங்கால் இரண்டும் போய்விட்டன. தூசி இருமல் நிற்கவே மாட்டேன் என்கிறது. அறுநூற்று நாற்பது புத்தகங்கள், இரண்டு அறைகள், நடுவில் நான் கிடக்க ஒரு கட்டில். போதும்டா சாமி என்று ஆகிவிட்டது. அத்தனையையும் பல்கலைக்கழக நூலகத்துக்கே கொடுத்துவிட ஒப்புக்கொண்டேன். அடுத்த மாதக் கடைசியில் வண்டி வரும்.

யூதர்களின் பழைய வரலாறு ஒரு பக்கம், இனப்படுகொலை ஒரு பக்கம் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தேன். நூலகத்து அம்மா அதைப் படங்களோடு இணையத்தில் ஏற்றினார். அங்கேதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

நீலத்துணி அட்டை போட்ட நினைவு நூல் ஒன்று உண்டே, உனக்குத் தெரியும். ஒரு சின்ன ஊரில் இருந்த யூதர்களைக் கொன்று தீர்த்த பிறகு, தப்பிப் பிழைத்த ஏழெட்டுப் பேர் வேறு தேசத்தில் உட்கார்ந்து தங்கள் ஊரைப் பற்றித் தாங்களே எழுதியது. கடைசியில் இறந்தவர்கள் பட்டியல். மொத்தமே முன்னூறு பிரதிதான் அச்சடித்தார்கள். நம்முடைய பிரதியின் முதல் பக்கத்தில் ஒரு தையல்காரரின் மை முத்திரை இருக்கும். அந்த முத்திரையைப் பார்த்துவிட்டு அவருடைய மகள் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதியிருக்கிறார். எழுபத்திரண்டு வயது. அப்பா இறந்தபோது இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். சொந்தக்காரர்கள் வீட்டைக் காலி செய்து, புத்தகங்களை மூட்டை கட்டிப் போட்டுவிட்டார்கள். முப்பது வருஷமாகத் தேடுகிறார்.

அவர் கேட்பது புத்தகத்தை அல்ல அக்கா. ஓரத்தில் அப்பா பென்சிலால் எழுதியதைக் கேட்கிறார். அச்சுப் பட்டியலில் அவர்கள் தெருவே விட்டுப்போயிருந்ததாம். அதை வீடு வீடாக, ஆள் ஆளாக ஓரத்தில் எழுதிச் சேர்த்திருக்கிறார். அந்தத் தெருவில்தான் அவருடைய முதல் மனைவியும் பிள்ளைகளும் இருந்திருக்கிறார்கள். எத்தனை பிள்ளைகள், பெயர் என்ன என்று பிற்பாடு பிறந்த இந்த மகளிடம் மனுஷர் வாயே திறக்கவில்லை. கேட்டால், "புஸ்தகத்துல எழுதி வெச்சிருக்கேன். நான் போனப்புறம் பாத்துக்கோ" என்பாராம்.

எடுத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. ஒரு புள்ளி இல்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அதைத் தைக்க உன்னிடம் அனுப்பினேன். நீ அழித்தாயா? கோபப்படாமல் சொல்.

தம்பி

மார்ச் 11

டைப்பு,

கோபப்படாமல் சொல் என்று எழுதிவிட்டால் கோபம் வராதா? ஆறு வருஷமாக இருக்கிறாளா செத்தாளா என்று கேட்க நாதியில்லை. வந்த முதல் கடிதமே குற்றப்பத்திரிகை. கோர்ட்டில் முப்பது வருஷம் டைப் அடித்த கை, வேறு எப்படி எழுதும்!

நான் புத்தகம் தைக்கிறவள். அழிக்கிறவள் இல்லை. எந்தப் புத்தகம் வந்தாலும், வந்த நிலையைப் பதிவேட்டில் எழுதாமல் ஒரு நூலைக்கூட வெட்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரியைக் கெஞ்சிப் பரணிலிருந்து அந்த வருஷத்துப் பதிவேட்டை இறக்கினேன். என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்:

"நீலத்துணி. முதுகு கிழிந்திருக்கிறது. தையல் இரண்டு இடத்தில் விட்டிருக்கிறது. 215ஆம் பக்கம் மேல்பாதி கசங்கி, கிழிசல். 213, 215 ஓரங்களிலும் உள்மடிப்பிலும் ரப்பர் துகள்."

ரப்பர் துகள், டைப்பு. என்னிடம் வரும்போதே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நீ என்ன செய்வாய்? உன் பெண்டாட்டி இரண்டு தரம் காபியைச் சூடு பண்ணி வைத்துக்கொண்டு கூப்பிட்டபடி இருப்பாள். நீ வெள்ளை ரப்பரும் கையுமாக, "பிரதின்னா சுத்தமா இருக்கணும்" என்று பக்கம் பக்கமாகத் தேய்த்துக்கொண்டிருப்பாய். பழைய கடைக்காரன் எழுதிய நம்பர், எவனோ போட்ட கோடு, எல்லாம் போக வேண்டும் உனக்கு. மை அழியாது, அதனால் தையல்காரர் முத்திரை தப்பித்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அன்றைக்கு நான் சொன்னது தப்புத்தான். சொன்ன இடம் தப்பு. சொன்ன விஷயம் தப்பில்லை.

வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது. நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

அக்கா

மார்ச் 15

அக்கா,

நான்தான்.

உன் கடிதத்தைப் படித்ததும் உட்கார்ந்து யோசித்தேன். நினைவே வரவில்லை, அதுதான் கொடுமை. எத்தனை நூறு புத்தகத்தைத் தேய்த்தேன், இது மட்டும் எப்படி நினைவிருக்கும்? அப்போது எனக்கு யூதர்களின் அந்த எழுத்து படிக்கத் தெரியாது. வலமிருந்து இடமாக எழுதுவார்கள் என்பது மட்டும் தெரியும். அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அன்றைக்கு அது எனக்குக் கிறுக்கல். யாரோ புத்தகத்தைப் பாழாக்கியிருக்கிறான் என்று திட்டிக்கொண்டேகூடத் தேய்த்திருப்பேன்.

இதையெல்லாம் எதற்குச் சேர்க்க ஆரம்பித்தேன் என்று உனக்குத் தெரியும். காணாமல் போனவர்கள் வழக்கு ஒன்றுக்குப் பட்டியல் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வரி விட்டுப்போயிற்று. தலைமை எழுத்தர் சத்தம் போடவில்லை. "நீ ஒரு வரி விட்டா அங்க ஒரு ஆளே பொறக்காத மாதிரிப்பா" என்றார். அந்த வாரம்தான் நடைபாதைக் கடையில் முதல் நினைவு நூலைப் பார்த்தேன். வெறும் பெயர்களாக நாற்பது பக்கம். ஒரு பெயரும் விடக்கூடாது என்று எவனோ உயிரைக் கொடுத்து அடித்திருக்கிறான் என்று வாங்கினேன். அதே கையால் ஒரு தெருவையே அழித்திருக்கிறேன்.

சோர்வாக இருக்கிறது. "புத்தகம் என்னிடம் வரும்போதே ஓரம் வெறுமையாகத்தான் இருந்தது" என்று நூலகத்து அம்மாவிடம் சொல்லிவிடப் போகிறேன். யாருக்குத் தெரியும்? அந்தப் பெண்மணியும் வேறு பிரதி என்று நினைத்துக்கொள்வார். வண்டி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகட்டும். தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

கண் இப்போது எப்படி இருக்கிறது?

தம்பி

மார்ச் 20

டைப்பு,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாயா? வேறு பிரதி என்று அவர் எப்படி நினைப்பார், அப்பாவின் முத்திரை முதல் பக்கத்தில் இருக்கும்போது? அவ்வளவு மக்கா அந்த அம்மா?

மூக்கைச் சிந்திவிட்டு நான் சொல்வதைக் கேள். பென்சில் போனாலும் அழுத்திய தடம் காகிதத்தில் நிற்கும். அழுத்தி எழுதுகிற ஆளாக இருந்தால் பள்ளம் நன்றாகவே இருக்கும். அறையை இருட்டாக்கி, விளக்கைக் காகிதத்துக்குப் பக்கவாட்டில், மேஜையோடு மேஜையாகப் படுக்க வைத்தால் பள்ளத்தில் நிழல் விழும். அதைப் பார்த்து வரையலாம். எனக்கு அந்த எழுத்து ஒன்றும் தெரியாது, கோழி கிளறின மாதிரி இருக்கும். ஆனால் கோழி கிளறினதை அப்படியே வரைய எனக்கு வரும். படிப்பது உன் பாடு.

புத்தகத்தை அனுப்பு. இரண்டு அட்டை வைத்துக் கட்டு. அதுவரை அதை நீ தொடாதே. முக்கியமாக, சுத்தம் பண்ணாதே.

அக்கா

மார்ச் 23

அனுப்பிவிட்டேன். இரண்டு இல்லை, நான்கு அட்டை வைத்திருக்கிறேன். நூலகத்து அம்மாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்மணியிடமிருந்து மறுபடி ஒரு வரி வந்திருக்கிறது: "பார்த்தீர்களா?" அவ்வளவுதான்.

தம்பி

ஏப்ரல் 9

டைப்பு,

தாமதத்துக்குக் கண்தான் காரணம். காலையில் பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான் என் வலது கண் என் பேச்சைக் கேட்கிறது. திரையை இழுத்துவிட்டு, விளக்கைச் சாய்த்து, அந்த இரண்டு மணி நேரம் மட்டும் உட்கார்ந்தேன். பதினோரு நாள்.

மனுஷர் நன்றாக அழுத்தித்தான் எழுதியிருக்கிறார், கடவுள் புண்ணியம். 213ஆம் பக்க ஓரம் மேலிருந்து கீழ் வரை கிடைத்துவிட்டது. 214 முழுக்கப் படம், அதில் அவர் எழுதவில்லை. 215இல் கீழ்ப்பாதி கிடைத்தது. மெல்லிய தாளில் வரைந்து, தாள்களுக்கு நம்பர் போட்டு வைத்திருக்கிறேன். எனக்குச் சந்தேகமான இடங்களில் புள்ளிக் கோடு.

215இன் மேல்பாதி இல்லை. இனி நான் எழுதப்போவதை எழுதக் கை வரவில்லை. மூன்று நாளாக இந்தத் தாளை எடுத்து எடுத்து வைக்கிறேன்.

பதிவேட்டில் அடுத்த வரியை உனக்கு நான் எழுதாமல் விட்டேன். அது இது: "215 மேல்பாதி ஈரம் காட்டி, அழுத்தியில் இரண்டு நாள் வைத்துச் சமன் செய்தது."

கசங்கின தாள் என்றால் லேசாக ஈரம் காட்டிப் பலகைக்கு நடுவில் கொடுத்து இறுக்கினால் புதுசு மாதிரி ஆகும். சுருக்கமும் போகும், தடமும் போகும். அன்றைக்கு எனக்குத் தடம் தெரிந்தது, டைப்பு. ரப்பர் துகளைப் பார்த்தவளுக்குத் தடம் தெரியாமல் போகுமா? விரலால் தடவிப் பார்த்தேன். என்னமோ எழுதியிருந்தது, தம்பி அழித்துவிட்டான், அவனுக்கு வேண்டாமாக்கும் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை உன்னிடம் கேட்டிருக்கலாம். பக்கம் நேராக வந்ததும் நீ மெச்சி எழுதினாய். அந்தக் கடிதத்தைக்கூட வைத்திருக்கிறேன், வெட்கக்கேடு.

நீ அரைகுறையாக விட்டதை நான் முழுசாக முடித்தேன். உன்னை வாய் கிழியப் பேசினேனே, எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் ஆனையும் இல்லை.

அந்த மேல்பாதியில் ஒரே ஓர் இடத்தில், முதல் வரியின் வலது ஓரத்தில், ஒரு நேர்க்கோடும் அதன் தலையில் சின்ன வளைவும் மிச்சம் இருக்கிறது. அதையும் வரைந்திருக்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 22

அக்கா,

நான் உன்னை ஒன்றும் சொல்லப் போவதில்லை. சொல்ல எனக்கு வாய் ஏது?

உன் தாள்களை ஜன்னலில் ஒட்டி வைத்துப் படித்தேன். கோழி கிளறினதா! எழுத்தே தெரியாதவள் வரைந்ததில் எனக்கு நான்கே இடத்தில்தான் தடுமாற்றம். 213இல் ஒன்பது வீடுகள். ரொட்டி சுடுகிறவர், மனைவி, அவள் அம்மா. கிணற்றடி வீட்டில் ஒரு விதவையும் அவள் தங்கையும். ஒரு குழந்தைக்குப் பெயர் இல்லை, "பிறந்து எட்டு நாள்" என்று எழுதியிருக்கிறார். 215 கீழ்ப்பாதியில் நான்கு வீடுகள். மொத்தம் ஐம்பத்தெட்டுப் பேர். பெயர்களைத் தனியே டைப் அடித்தேன். ஐந்து தரம் சரி பார்த்தேன்.

213இன் கடைசியில் இருப்பது அவருடைய வீடு. "என் வீடு" என்று எழுதி, "அவள், பிள்ளைகள் மூவர்" என்று போட்டு, மனைவி பெயர், மூத்த பையன் பெயர், அடுத்த பையன் பெயர். அத்தோடு பக்கம் முடிகிறது. மூன்றாவது பிள்ளை 215இன் மேலே.

நூலகத்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தப் பெண்மணிக்கும் எழுதினேன். நான் அழித்தேன், அக்கா சமன் செய்தாள், கிடைத்தது இவ்வளவு, மூன்றாவது பெயர் கிடைக்கவில்லை என்று. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

அவர் இப்படி எழுதியிருக்கிறார். இரண்டு பேர் என்றுதான் அவர் எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறார். மூன்றாவதாக ஒரு பிள்ளை இருந்ததே நான் எழுதித்தான் தெரியுமாம். பிறகு ஒரு கேள்வி. அவர்களில் பல குடும்பங்களில், பிறக்கிற குழந்தைக்கு இறந்த சொந்தக்காரர் ஒருவரின் பெயரைத்தான் வைப்பார்கள். இவர் பெயர் அம்மா வழியிலும் இல்லை, அப்பா வழியிலும் யாருக்கும் இல்லை. "யாரோட பேர்ப்பா இது?" என்று சின்ன வயதில் கேட்டால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவாராம். அந்த மூன்றாவது பெயரின் முதல் எழுத்தாவது தெரியுமா, அது தன் பெயரின் எழுத்தா என்று கேட்கிறார்.

நீ வரைந்த அந்தக் கோட்டையும் வளைவையும் எடுத்து வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அவருடைய பெயரின் முதல் எழுத்து அப்படித்தான் தொடங்கும், அக்கா. ஆனால் இன்னும் ஆறேழு எழுத்துகளும் அப்படித்தான் தொடங்கும். ஆண்பிள்ளையா பெண்பிள்ளையா என்பதே தெரியாது.

"ஆமாம்" என்று எழுதிவிடட்டுமா? எழுபத்திரண்டு வயதில் ஒரு மனுஷிக்கு இதைக்கூடக் கொடுக்காவிட்டால் நாம் என்ன ஜென்மம்? நீ சரி என்றால் இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

தம்பி

ஏப்ரல் 27

டைப்பு,

உன் கடிதம் வந்ததும் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சொல்லித் தொலைத்துவிடலாம், பாவம், நிம்மதியாகத் தூங்கட்டும் என்று. அரை நாள் அப்படியே இருந்தேன்.

வேண்டாம்டா.

இருந்ததை நீ அழித்தாய், நான் அழுத்தினேன். இல்லாததை எழுதி வைக்கிற வேலையையும் நாமே செய்ய வேண்டுமா? அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் இருந்தது. அது வேறு பெயராக இருந்தால், அதன் இடத்தில் வேறொன்றை ஒட்டிவைத்த பாவம் நமக்கு. அவர் மனசு குளிர வேண்டும் என்பது வாஸ்தவம். அவர் மனசா, நம் மனசா என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்.

என்ன இருக்கிறதோ அதை எழுது. ஒரு கோடு, ஒரு வளைவு. உங்கள் எழுத்தாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று எழுது. என் தாளின் நகலையும் வை. அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

நூலக வண்டியைத் தள்ளிப் போடச் சொல். என் பதிவேட்டில் உன் புத்தகங்கள் அறுபத்தொன்று இருக்கின்றன. ரப்பர் துகள் என்று எழுதியது பதினேழு. நீ என்னிடம் அனுப்பாமலே தேய்த்தவை எத்தனையோ. ஒன்றையும் பார்க்காமல் தூக்கிக் கொடுக்க முடியாது. மே மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். அந்தக் கட்டிலை நகர்த்தி மேஜை போட இடம் பண்ணு. நான் தங்கினால் உனக்குக் கஷ்டமாக இருக்குமா என்றெல்லாம் கேட்கப் போவதில்லை.

அக்கா

மே 3

அக்கா,

நீ புறப்படுவதற்குள் இது உன் கையில் கிடைக்க வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

நீ சொன்னபடியே எழுதினேன். உன் தாளின் நகலையும் வைத்தேன். இரண்டு நாள் பதில் இல்லை. நேற்று காலை பதினோரு மணிக்குப் போன் வந்தது. அவர்தான். குரல் எதிர்பார்த்ததைவிடச் சின்னக் குரல். நகலைப் பார்த்தாரா என்று கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. "எங்க தெருவை எனக்குப் படிச்சுக் காட்டுங்க. நானாப் படிச்சா பாதியிலயே நிறுத்திடுவேன்" என்றார்.

என் உச்சரிப்பு மோசம் என்றேன். பரவாயில்லை என்றார். முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். நான் தப்பாகச் சொன்ன பெயர்களை அவர் மெதுவாகத் திருத்தினார், நான் அப்படியே மறுபடி சொன்னேன். கிணற்றடி வீடு, ரொட்டிக்காரர் வீடு, அந்த எட்டு நாள் குழந்தை. ஒன்பதாவது, அவர்கள் வீடு. மனைவி பெயரைப் படித்தேன். மூத்தவன். அடுத்தவன். அதோடு நிறுத்திவிட்டேன்.

"மூணாவது... தெரியலைம்மா" என்றேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவர் விடவில்லை. பட்டியலில் உள்ள இன்னொரு பெயரைச் சொல்வது போலவே, தன்னுடைய பெயரைச் சொன்னார். ஒரே ஒரு தரம்.

"இதுவா இருக்காதுன்னும் எனக்குத் தெரியும்" என்றார். "அடுத்த வீட்டைப் படிங்க."

அடுத்தது செருப்பு தைக்கிறவர் வீடு. ஐந்து பேர். படித்தேன்.

தம்பி